நாற்பத்து மூன்று நிமிடத்துக்குள்

இன்டர்நெட் பெட்டியில் இருந்த அத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் துடித்துக்கொண்டிருந்தன. இந்துமதி துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிப் பிடித்து, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தானே பெட்டியின் நெற்றியில் வைத்த சந்தனப் பொட்டுகளை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். இரண்டு போய்விட்டன. மூன்றாவது போகமாட்டேன் என்றது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கறையாகப் பரவிற்று.

வழக்கமாக அந்த விளக்குகள் இப்படித் துடிக்காது. ஒன்று மினுக்கும், அடுத்தது கொஞ்சம் யோசித்துவிட்டு மினுக்கும், ஓரத்தில் இருப்பது பாட்டுக்குத் தூங்கும். இப்போது எல்லாம் சாமி வந்த மாதிரி ஆடின. சந்தனத்தின் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். பதினேழு வயதில் இத்தனை பெரிய பொருளை அவள் கெடுத்ததில்லை.

"ஏனுங்க! உள்ள யாருங்க?" கதவை யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். "நெட்டு போச்சுங்க! அங்க ஏலம் ஓடிட்டு இருக்குதுங்க!"

தெரிந்த குரல்தான். அரவேணு கடைவீதியில் தேயிலைத்தூள் பாக்கெட் போட்டு விற்கும் கொர்னேலியஸ். முன்பெல்லாம் ஏல நாளன்று பஸ் பிடித்துக் குன்னூருக்குப் போய், கூட்டத்தோடு உட்கார்ந்து விலை கேட்டவர். ஏலம் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு கடை மாடியிலேயே உட்கார்ந்து கேட்கிறார். அவர் கேட்கும் விலை, டவருக்கு அடியில் இருக்கும் இந்த சிமெண்ட் அறைக்குள் வந்து, இந்தப் பெட்டி வழியாகத்தான் மலையை விட்டு இறங்க வேண்டும்.

இந்துமதி கதவைத் திறந்தாள். கொர்னேலியஸ் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சேறுமாக நின்றார். மேட்டில் ஏறி ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"ஏம் பாப்பா, உங்கம்மா எங்க?"

"கொழுந்தெடுக்கப் போயிருக்காங்க. இன்னிக்கு வேலை இருக்குதுன்னு கூப்ட்டாங்க."

"கரண்ட் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் என்ன கேடு இதுக்கு? மூணு லாட்டுத் தூளு பாத்து வெச்சிருக்கேன் பாப்பா. நான் கேக்காம உட்டா, கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் சும்மா வந்து தூக்கிட்டுப் போயிருவான். வாங்கறதுக்கே ஆளில்லாத காலம். இருக்கற ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா, அடுத்த வாரம் உங்க இலைக்கு என்ன வெலை வரும்? சொல்லு!"

அவளிடம் கேட்டு என்ன பயன். பச்சைத் தேயிலை விலை படுத்து இரண்டு வருடமாகிறது. அம்மா வீரம்மா வேலை பார்த்த ஃபாக்டரியை அந்த மந்தத்தில்தான் மூடினார்கள். எஸ்டேட்டிலும் வாரத்தில் மூன்று நாளைக்குத்தான் பெயர் கூப்பிடுகிறார்கள். மிச்ச நாளைக்குச் சோறு போடுவது இந்த சிமெண்ட் அறை. கூட்டிப் பெருக்கணும், சுற்றிலும் புல் வெட்டணும், ஜெனரேட்டருக்கு டீசல் பார்க்கணும், கம்பெனி ஆள் வந்தால் சாவி கொடுக்கணும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள் என்று காண்ட்ராக்டர் மாதம் தவறாமல் சொல்லிவிட்டுப் போவார்.

காலையில் அம்மா கூடையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஆயுதபூஜை. போய்த் தூசி தட்டித் தொடச்சு, ஒரு பொட்டு வெச்சுட்டு வந்துரு புள்ள. வயரு கியரைத் தொடாத." காலாண்டுப் பரீட்சை லீவில் சும்மாதானே இருக்கிறாள் என்று அனுப்பினாள்.

"லைன் பாக்கற பெனிஸண்ணாவுக்குப் போன் பண்றேனுங்க. நீங்க போய் உக்காருங்க" என்றாள் இந்துமதி.

"அவன் வர்றதுக்குள்ள ஏலமே முடிஞ்சிரும்" என்றபடி கொர்னேலியஸ் கீழே இறங்கினார். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். "ஆண்டவரே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி ஓடினார்.

டவர் வேறொரு கம்பெனியுடையது என்பதால் போன் மட்டும் பேசியது. பெனிஸ் முதல் மணியிலேயே எடுத்தான்.

"இந்துவா? சென்னை ஆபீஸ்ல இருந்து இப்பத்தான் கூப்ட்டாங்க. நான் கீழ் கோத்தகிரில இருக்கேன், இங்க ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல வேலை. பொட்டில வெளக்கு எரியுதா?"

"எரியுதுண்ணா. எல்லாம் ஒண்ணா அடிச்சுக்குது."

"ஒண்ணான்னா? எல்லாமேவா?"

"எல்லாமே."

"யாராச்சும் உள்ள வந்தாங்களா? எதையாச்சும் தொட்டாங்களா?"

அவள் பார்வை சந்தனக் கறையில் போய் நின்றது. "இல்லண்ணா. யாரும் வரலை."

யாரும் வரவில்லை என்பது உண்மைதான்.

பெனிஸ் குன்னூர்க்காரன். இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். மாதம் ஒரு தடவை லேப்டாப்போடு வந்து, பெட்டியோடு ஒரு வயரைச் சொருகி எதையோ பார்த்துவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்து அம்மா போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டுப் போவான். இரண்டு மாதத்துக்கு முன் இந்துமதி அவனிடம் இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது என்று கேட்டிருந்தாள்.

"முன்னாடி எல்லாம் பேங்குக்கு ஒரு வயர், ஃபாக்டரிக்கு ஒரு வயர், தனித்தனியா இழுத்துக் குடுப்பாங்க. வாடகை யானை வெலை. இப்ப ஒரே ரோடு. அதுல கோடு போட்டு ஆளுக்கொரு பாதை. பேங்கு வண்டி ஃபாக்டரி பாதைக்குள்ள வராது. ஆனா ரோடு ஒண்ணுதான், பாத்துக்க."

"ரோடு அடைச்சுக்கிட்டா?"

"சுத்து ரோடு ஒண்ணு இருந்துச்சு. குன்னூர்ல கெளம்பி, இங்க வந்து, கோத்தகிரி போயி, அந்தப் பக்கமா எறங்கி மறுபடி குன்னூர். ஒரு பக்கம் அத்துப் போனா அடுத்த பக்கமா ஓடும். போன மழைல மண்ணு சரிஞ்சு ஒரு பக்கம் போச்சு. இன்னும் கட்டலை. கேட்டா காசில்லைங்கறாங்க. எல்லாருக்கும் வேகம் வேணும், வெலை மட்டும் வருசா வருசம் பாதியாகணும். உங்க பச்சை இலை கதைதான் பாப்பா எங்க கதையும். நாலு பேரு பாத்த மலையை இப்ப நான் ஒருத்தன் பாக்கறேன்."

அன்றைக்குத்தான் அந்த நாற்பத்து மூன்று நிமிடக் கணக்கையும் சொன்னான். வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்த பத்திரப்படி, மாதத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம்தான் லைன் படுக்கலாம். அதைத் தாண்டினால் மேலே விசாரணை, யார் காரணம் என்று பேர் எழுத வேண்டும். "அதுக்குள்ள எந்திரிச்சிட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று சிரித்திருந்தான்.

இந்துமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பொட்டு வைத்து முடித்து, கற்பூரத்தை எங்கே வைத்தோம் என்று தேடியபோது பத்து இருபது. இப்போது பத்து முப்பத்தாறு.

பெனிஸ் போனிலேயே சொல்லச் சொல்ல, பெட்டிக்குப் பக்கத்துச் சுவிட்சை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டாள். காற்றாடி உறுமியது. ஒவ்வொரு விளக்காகக் கண் திறந்தது. ஒன்று மினுக்கியது. அடுத்தது யோசித்து மினுக்கியது.

"வந்துருச்சுண்ணா! வந்துரு..."

சொல்லி வாயை மூடவில்லை. எல்லாம் சேர்ந்து மறுபடி துடிக்க ஆரம்பித்தன.

"போச்சுண்ணா."

"ம்ம்." பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. "சென்னைல சுரேஷ் சாரு பொட்டியே போயிருச்சுங்கறாரு. கோயமுத்தூர்ல இருந்து வேற பொட்டி வரணும். ராத்திரி ஆயிரும். கோத்தகிரி பேங்கும் படுத்துக் கெடக்குது." அவன் குரல் இறங்கியது. "எம் மேலதான் தப்பா இருக்கும் பாப்பா. போன தடவை காத்தாடி மாத்துனேன். சரியா மாட்டலையோ என்னமோ. சரி, நீ வெய்யி. நான் வந்துர்றேன்."

போன் அணைந்தது.

இந்துமதி படியில் உட்கார்ந்தாள். கீழே தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கோ அம்மா குனிந்து நிற்கிறாள். இவள் வாயைத் திறந்து சொன்னால் அம்மாவுக்கு இந்த வேலை போகும். அதில் சந்தேகமே இல்லை. சொல்லாவிட்டால்? பெட்டி தானாகக் கெட்டது என்று ஆகும். காற்றாடியைச் சரியாக மாட்டாதவன் என்று பெனிஸ் பேரை எழுதுவார்கள். அவனே அதை நம்பத் தொடங்கிவிட்டான். அந்த 'என்னமோ'தான் அவளைக் குத்தியது. அவன் யாரையாவது திட்டியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பாள்.

பத்து ஐம்பத்து மூன்றுக்கு அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"வந்துட்டே இருக்கேன் பாப்பா, வளைவுல..."

"அண்ணா, நான் பொய் சொன்னேன். நான்தான் தொட்டேன். சந்தனம் வெச்சேன். மூணு பொட்டு. தண்ணி ஜாஸ்தி ஊத்திக் கொழைச்சிட்டேன். உள்ள போயிருச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. அம்மா தொடாதன்னுதான் சொன்னாங்க."

பைக் நின்றது. "அழாத. பொட்டு எங்க வெச்ச?"

"மேல. நெத்தில."

"அது தகரம். அதுல வெச்சா ஒண்ணும் ஆகாது. வேற என்ன பண்ணுன?"

"தொடச்சேன்."

"வேற?"

"தரை கூட்டுனேன். அப்புறம்... தொங்குனதை எடுத்து வெச்சேன்."

"எது தொங்குச்சு?"

"மஞ்ச வயரு. ஒரு முனை பொட்டிலயே இருந்துச்சு. இன்னொரு முனை சும்மா தொங்கிட்டு இருந்துச்சுண்ணா. பூஜைக்கு மிசின்ல எதுவும் தொங்கக் கூடாதுல்ல? அதான் காலி ஓட்டைல சொருகி வெச்சேன்."

இது அவள் சொந்தப் புத்தி இல்லை. அம்மாவின் ஃபாக்டரியில் ஆயுதபூஜைக்கு முந்தின நாள் மேஸ்திரி அழகர்சாமி ஒவ்வொரு மிஷினாகச் சுற்றி வருவார். பெல்ட், சங்கிலி, சாக்குக் கயிறு, எது தொங்கினாலும் அந்த மிஷினுக்குப் பூ கிடையாது. ஒரு தடவை யாரோ தொங்கவிட்ட கயிறு பெல்ட்டில் சிக்கிக் கை போனதால் வந்த வழக்கம் என்பார்கள். சின்னதிலிருந்து அம்மா கூடப் போய்ப் பார்த்தவளுக்கு அது சாமி காரியத்தில் சேர்ந்துவிட்டது.

பெனிஸ் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "பாப்பா. அந்த முனையை உருவு. இப்பவே."

அவள் ஓடினாள். நகம் வழுக்கியது. வயர் முனையில் இருந்த சின்ன நாக்கை அழுத்தி இழுத்ததும் 'டிக்' என்று வெளியே வந்தது.

விளக்குகள் ஒரு முறை எல்லாம் சேர்ந்து அணைந்தன. பிறகு ஒன்று மினுக்கியது. அடுத்தது யோசித்தது. ஓரத்தில் இருந்தது தூங்கப் போயிற்று. அவள் நூறு வரை எண்ணினாள். அவை அப்படியே இருந்தன.

"அண்ணா."

"மணி என்ன?"

"பத்து அம்பத்தெட்டு."

அவன் வாய்க்குள் கழித்துப் பார்ப்பது கேட்டது. "முப்பத்தொம்போது. தப்பிச்சோம்டா சாமி."

அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அழுதாள். எந்தச் சாமியைக் கும்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அரை மணி நேரத்தில் பெனிஸ் வந்து சேர்ந்தான். ஜாக்கெட்டில் பனி முத்து முத்தாக நின்றது. முதலில் மஞ்சள் வயரின் அடுத்த முனையையும் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட்டான். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினான். "ரெண்டு முனையும் ஒரே பொட்டில இருந்தா, ஒரு ஆள் அந்தக் கதவுல வெளிய போயி இந்தக் கதவுல உள்ள வர்றான். சுத்திச் சுத்தி வர்றான். ஒவ்வொரு சுத்துக்கும் அவன மாதிரியே இன்னும் நூறு பேரு. கடைசில பொட்டிக்குள்ள கால் வெக்க எடமில்லை. லூப்புன்னு பேரு இதுக்கு."

சென்னையிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"பெனிஸ், சுரேஷ் பேசறேன். முப்பத்தொம்பது நிமிஷம். பத்திரத்துக்குள்ளதான். ஆனா கோத்தகிரி வரைக்கும் மொத்தமா விழுந்திருக்கு, காரணம் எழுதாம மூட முடியாது. லூப்தானே?"

"ஆமாங்க சார். போன விசிட்ல மஞ்ச டெஸ்ட் கேபிளை நான் கழட்டாம தொங்க விட்டுட்டேன்."

"தொங்கினா லூப் வராதே. பெட்டி எழுதி வைக்கற லாக்ல, காலியா இருந்த பதினோராம் போர்ட் இன்னைக்குப் பத்து பத்தொம்பதுக்கு உயிர் வந்திருக்கு. நீங்க அப்ப கீழ் கோத்தகிரில இருந்தீங்க. அங்க யார் சொருகினது?"

இந்துமதி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பெனிஸ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியின் நெற்றியில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் சொல்லித்தான் சார் சொருகினாங்க. போன்ல போர்ட் நம்பர் மாத்திச் சொல்லிட்டேன்."

"சரி, அதை விடுங்க. ஒரு வயர் தப்பா சொருகினா பெட்டியே அந்தப் போர்ட்டை மூடணும். அந்தப் பாதுகாப்பு ஆஃப்ல இருக்கு. யார் ஆஃப் பண்ணது?"

பெனிஸ் லேப்டாப்பில் ஏதோ தட்டினான், திரையைப் படித்தான், உதட்டைக் கடித்தான்.

"நான்தான் சார்."

"எப்ப?"

"ஞாபகம் இல்லைங்க சார். அந்தக் கீழ ஃபாக்டரில பழைய பொட்டி ஒண்ணு இருக்கு, அது சும்மா சும்மா போர்ட்டை மூட வெச்சுச்சு. அதனால பண்ணிருப்பேன்."

"பண்ணிருப்பேனா, பண்ணீங்களா?"

"பண்ணுனேன் சார்."

நீளமான பெருமூச்சு ஒன்று ஸ்பீக்கரில் கரகரத்தது. "உங்க பேர்லதான் எழுதறேன். மறுபடி ஆன் பண்ணிட்டுக் கிளம்புங்க."

அவ்வளவுதான். அம்மா பேர் வரவில்லை. இவள் பேர் வரவில்லை. இந்துமதி சுவரை விட்டு விலகி வந்தாள்.

அதற்குள் வாசலில் கொர்னேலியஸ். இந்தத் தடவை இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. கையில் ஒரு பாக்கெட்.

"ரெண்டு லாட்டு புடிச்சுட்டேன்! மூணாவதும் வந்திருக்கும், சனியன் ஒரு நிமிசத்துல போச்சு. ஏப்பா பெனிஸு, நீ வர்றதுக்கு முன்னாடியே லைன் வந்துருச்சே, எப்படி?"

பெனிஸ் லேப்டாப்பை மூடியபடி தலையை ஆட்டி இந்துமதியைக் காட்டினான். "பாப்பாதான் சரி பண்ணுச்சு. நான் சொன்னேன், அது உருவுச்சு."

"அட! கொழுந்தெடுக்கற வீட்டுப் புள்ள, இஞ்சினியர் வேலை பாக்குதே!" கொர்னேலியஸ் பாக்கெட்டை அவள் கையில் திணித்தார். "அரைக் கிலோ. நல்ல டஸ்ட்டுத் தூளு. விக்கறதுக்கு வெச்ச கலப்பு இல்ல, என் ஊட்டுக்கு வெச்சிருந்தது. வாங்கிக்க, வாங்கிக்க. நன்றி சொல்ல வேற என்ன இருக்குது எங்கிட்ட?"

வாங்கினால் திருட்டு, வாங்காவிட்டால் விசாரணை. இந்துமதி வாங்கிக்கொண்டாள். முகம் கொதித்தது. அவர் போனதும் பாக்கெட்டை பெனிஸிடம் நீட்டினாள்.

"எனக்கெதுக்கு? உங்கம்மாகிட்டக் குடு. அடுத்த தடவை நான் வர்றப்ப எனக்குத்தானே போடப்போறாங்க."

அவன் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணா, நீங்க எனக்குப் போன்ல நம்பரே சொல்லலை."

"சொல்லலை. ஆனா வயரைத் தொங்க விட்டது நாந்தான். அது பொய் இல்ல. உங்க மேஸ்திரி பாத்திருந்தா எனக்குப் பூ கெடையாது."

"அந்தப் பாதுகாப்பு? அதையும் நெசமாவே நீங்கதான் அணைச்சீங்களா?"

பெனிஸ் ஹெல்மெட்டை மாட்டினான். "கறையை இன்னும் தேய்ச்சுட்டு இருக்காத. அது அங்கயே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்குது" என்றான். பைக் பனிக்குள் போய்விட்டது.

சாயங்காலம் கொழுந்து நிறுவை முடிந்து அம்மா வந்தபோது, லயத்து வீட்டுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் வைத்து இந்துமதி எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனம், மஞ்சள் வயர், பொய், முப்பத்தொன்பது நிமிடம், அரைக் கிலோ டஸ்ட். எதையும் விடவில்லை. முதுகில் ஒன்று விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டே சொன்னாள்.

வீரம்மா கூடையை இறக்கி ஒரு பாறைமேல் வைத்தாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்தாள்.

"அந்தத் தம்பி சாப்பிட்டுச்சா?" என்றாள்.

"தெரியலைம்மா."

"அதைக் கேக்கலையா நீ? நம்ம அடுப்பை அணைய விடாம காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிருக்கு. கும்புடணும் புள்ள அதை." முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்தினாள். "நாளைக்கு சாமி கும்புட்டதும் பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் கட்டித் தர்றேன். குன்னூருக்குப் பஸ் ஏறிப் போய் அது கையில குடுத்துட்டு வா. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ளைன்னாலும் பொரி திங்கும்."

"என்னன்னு சொல்லிக் குடுக்கறதும்மா?"

"நன்றின்னு சொல்லு. வேற என்ன?"

"அதான் எதுக்கு நன்றின்னு தெரியலை. அது செஞ்ச தப்பை அதுவே ஒத்துக்கிச்சுன்னா, நெசமான ஆளுன்னு சொல்லலாம். செய்யாத தப்பை நமக்காக ஏத்துக்கிச்சுன்னா..." மேலே என்ன சொல்வது என்று அவளுக்கு வரவில்லை. அவன் பதில் சொல்வதற்கு முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் படித்த அந்த நேரம்தான் கண்ணுக்குள் நின்றது. அணைத்தது யார் என்று தேடிய அந்தத் திரையில் அவன் பேர் இருந்ததா? வேறு யார் பேராவது இருந்ததா?

வீரம்மா கூடையை மறுபடி தலையில் மாட்டினாள். நாலு அடி நடந்தாள். பிறகு நின்று திரும்பினாள். அத்தனை நேரம் நினைத்துக்கொண்டே வந்திருப்பாள் போல.

"ஏன் புள்ள, நீதானே பக்கத்துல நின்ன? அந்தத் தம்பி அதோட தப்பைச் சொல்லுச்சா, நம்ம தப்பைச் சொல்லுச்சா?"